மலையை அளந்த மாமனிதர் ஹம்போல்ட்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அத்தொடரில், நிலநடுக்கோட்டிற்குச் சற்றே தெற்கில், ஈக்வடார் நாட்டில் நிற்கும் எரிமலை சிம்போராசோ. இதன் உயரம் 6,263 மீட்டர். இமயத்தோடு ஒப்பிட இது பெரிதன்று. ஆயினும் பூமி நடுவில் பருத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் முகட்டினும் தொலைவில் இருப்பது சிம்போராசோவின் முகடே ஆகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர் பலர் இதனையே உலகின் உயர்ந்த மலை என நம்பினர்.

1802ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று இம்மலையில் ஏறி, முகட்டை எட்டாமலே இறங்கியவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். இன்று ஆண்டீஸ் மலைக்கு நடைப்பயணம் செல்வோர் ஆண்டுதோறும் பெருந்தொகையினர். இயற்கையைக் கெடுக்காமல் கண்டு திரும்புதல் எனும் கொள்கையுடைய சுற்றுலாவும் அங்குப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. அவர்களுள் எத்தனை பேர் இம்மனிதரை நினைப்பரோ அறியோம். மலைக்கு ஏன் செல்ல வேண்டும், அங்கிருந்து எதனைக் கொண்டுவர வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடையாக வாழ்ந்தவர் அவர். அவருடைய வாழ்வினை, ஆண்டீஸ் பயணத்தை நடுவாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

ஹம்போல்ட் 1769 செப்டம்பர் 14இல் பெர்லின் நகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்தவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே அவர் மறைந்தார். அன்னையார் கண்டிப்பு மிக்கவர். மக்கள் இருவரையும் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்பித்தார். மூத்தவர் வில்ஹெல்ம், மொழியியல் பயிலும் நம் மாணவர்கள் நன்கறிந்த பெயர். இளையவரான அலெக்சாண்டரோ செடி, பூச்சி, கல் ஆகியவற்றைச் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு திரியும் பிள்ளையாக இருந்தார்.

அவருடைய உள்ளம் கடல்கடந்த நாடுகளில் இருந்தது. அன்னையாரோ அவர் அரசுப் பணியில் அமர வேண்டும் என விரும்பினார். தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மகன் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் பயின்று, 1792இல் தம் 22ஆம் வயதில் சுரங்க ஆய்வாளர் ஆனார். விருப்பமின்றி ஏற்ற வேலையையும் அவர் அரைமனத்தோடு செய்யவில்லை. ஸ்டீபன் என்னும் ஊரில் தம் சொந்தப் பணத்தில் சுரங்கத் தொழிலாளருக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நச்சுக்காற்று நிறைந்த சுரங்கத்தில் அணையாது எரியும் விளக்கு ஒன்றையும், மூச்சுவிட உதவும் கருவி ஒன்றையும் ஆக்கினார். அவ்விளக்கைத் தாமே சோதித்தபோது மயங்கி விழுந்தார். உடனிருந்தோர் இழுத்து வந்து காப்பாற்றினர். பிறர் உடல் வருந்தத் தாம் மட்டும் அறிவு பெறுதல் தகாது என்னும் எண்ணம் அவருக்கு மண்ணுக்கடியில்தான் முதலில் வேர்விட்டது என்று கருதலாம்.

1796இல் அன்னையார் மறைந்தார். பெருஞ்செல்வம் மகனுக்கு வந்தது. அவர் வேலையைத் துறந்தார். பாரிஸ் நகரில் எய்மே போன்பிளான் என்னும் இளம் தாவர அறிஞர் நண்பரானார். இருவரும் வட ஆப்பிரிக்கா சென்று, மக்கா செல்லும் ஹஜ் பயணியர் கூட்டத்துடன் சேர்ந்து எகிப்தை அடையலாம் என்று கூட ஒருகால் திட்டமிட்டனர். போர்க்காலமாதலால் அது கைகூடவில்லை. ஸ்பெயின் சென்றனர். அந்நாட்டு மன்னர் நான்காம் கார்லோஸ், அயலாருக்கு எளிதில் திறவாத தம் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளைச் சுற்றிப் பார்க்க 1799இல் அனுமதி அளித்தார். செலவு முழுவதும் ஹம்போல்ட்டுடையது. அவ்வாண்டு ஜூன் 5இல் கப்பலேறி, ஜூலை 16இல் இன்றைய வெனிசுவேலாவின் குமானா துறையில் இருவரும் இறங்கினர்.

குமானாவில் அவர்கள் தங்கிய வீட்டின் எதிரே ஒரு சதுக்கம். அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களின் உடலில் தேங்காய் எண்ணெய் பூசி, விற்பனைக்கு நிறுத்தினர். வாங்க வந்தோர் மாட்டின் பல்லைப் பார்ப்பது போல் அவர்களின் வாயைத் திறந்து பார்த்தனர். ஹம்போல்ட் அக்காட்சியை இறுதிவரை மறக்கவில்லை. அடிமை வாணிகத்தின் நீங்காப் பகைவராக அவரை ஆக்கியது அச்சதுக்கமே.

1800ஆம் ஆண்டு வலென்சியா ஏரியின் கரையில் வேறொன்றைக் கண்டார். ஏரி ஆண்டுக்காண்டு வற்றி வந்தது. நீர் எங்கோ நிலத்தடிப் பிளவில் ஒழுகிப் போகிறது என்று ஊரார் எண்ணினர். ஹம்போல்ட் சுற்றிலும் நோக்கினார். குன்றுகளில் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. அவுரித் தோட்டங்களுக்கு ஓடைகள் திருப்பப்பட்டிருந்தன. மரம் போனால் ஊற்று வற்றும், மழை பெய்தால் மண் அரித்துச் செல்லும் என்று அவர் எழுதினார். காட்டை அழிப்பதும் நீர் குறைவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கம் என்பதை அளவுகளோடு எடுத்துக் காட்டிய முன்னோடிகளுள் அவர் தலையாயவர். பின்னர் ஒரினோகோ ஆற்றில் 75 நாள் படகில் கொசுக்கடியும் பசியுமாகச் சென்ற கதையைத் தனியே ஒரு கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். நாம் மலைக்குச் செல்வோம்.

1801இல் கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து கீட்டோ நகருக்குத் தரைவழியே புறப்பட்டார். இடையில் கிந்தியோ என்னும் மலைக்கணவாய். பல நாள் நடந்தாலும் ஒரு குடிசை காணாத காடு. வழி பல இடங்களில் ஓர் ஆள் நுழையும் அகலமே உடைய பள்ளம், முழங்காலளவு சேறு. செல்வர்கள் அவ்வழியைக் காலால் கடப்பதில்லை. கார்கெரோ எனப்பட்ட சுமையாளர் தம் முதுகில் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொள்வர். கனவான் அதில் பின்னோக்கி அமர்ந்து செல்வார். குதிரையைப் பற்றிப் பேசுவது போல், இந்த மனிதன் நன்றாக நடப்பான், அந்த மனிதன் இடறுவான் என்று அவர்கள் பேசிக்கொள்வதும் வழக்கமாக இருந்தது.

ஹம்போல்ட்டும் போன்பிளானும் அந்நாற்காலியில் ஏற மறுத்தனர். நடந்தனர். மழை ஓயவில்லை. காலணிகள் முள்ளிலும் சேற்றிலும் கிழிந்தழிந்தன. வெறுங்காலோடு, குருதி கசியும் பாதங்களுடன் கணவாயைக் கடந்தனர். இது வெறும் வீம்பன்று. மனிதன் மனிதன்மேல் ஏறிச் செல்வதை அவர் மனம் ஏற்கவில்லை. ஆயினும் இச்செய்தியின் மறுபக்கத்தையும் அவர் மறைக்காது எழுதினார். கழுதைகள் செல்லும்படி அவ்வழியைச் செப்பனிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது அதனை எதிர்த்தவர்கள் அச்சுமையாளர்களே. அவர்களுக்கு அது பிழைப்பு. இரக்கம் மட்டும் கொண்டு வறியவரின் வாழ்வை அளந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வினா இன்றும் தீர்ந்துவிடவில்லை. பெரு நாட்டில் மாச்சு பிச்சு நோக்கிச் செல்லும் இன்கா நடைபாதையில், வெளிநாட்டார் கைவீசி நடக்க, கூடாரமும் உணவும் எரிவாயு உருளையும் மலைவாழ் மக்களின் முதுகில் ஏறுகின்றன. ஒருவர் சுமக்கும் எடை 20 கிலோவுக்கு மேற்படலாகாது என அந்நாடு 2001இல்தான் சட்டம் செய்தது. அப்பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அந்த ஐந்நூற்றில் வழிகாட்டிகளும் சுமையாளரும் அடங்குவர். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் பாதையைச் செப்பனிட மூடிவிடுவர். கிந்தியோ மலைச்சரிவிலோ, ஹம்போல்ட் வியந்து நோக்கிய மெழுகுப் பனைகளைக் காண இன்று பயணியர் திரளாக வருகின்றனர். கொலம்பியா அம்மரத்தை 1985இல் நாட்டு மரமாக அறிவித்தது.

1802 ஜனவரியில் கீட்டோ வந்து சேர்ந்த ஹம்போல்ட் சுற்றியுள்ள எரிமலைகளை ஒவ்வொன்றாக ஏறலானார். அன்டிசானா, பிச்சிஞ்சா, கோட்டோபாக்சி என அவர் கால் படாத சரிவு குறைவு. இங்கே அவருடைய வாழ்வில் ஒரு நெருடலான நிகழ்ச்சியைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. பொபயான் நகரத்தவராகிய கால்டாஸ் என்னும் இளைஞர், ஆசிரியர் உதவியின்றித் தாமே வானியலும் தாவரவியலும் கற்றவர். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு மலையின் உயரத்தை அறியும் முறையைத் தாமே கண்டுபிடித்தவர். அவர் ஹம்போல்ட்டுடன் செல்ல ஏங்கினார். ஹம்போல்ட் இசையவில்லை. பிரபுக் குடியில் பிறந்த கார்லோஸ் மொன்டுபாரை உடன் அழைத்துச் சென்றார். கால்டாஸ் மனம் உடைந்தார். அறிவின் முன் பிறப்பைப் பார்க்காதவர் என நாம் போற்றும் மனிதர், இவ்விடத்தில் ஏழை அறிஞரை விட்டுச் சென்றது வருத்தத்திற்குரியதே. கால்டாஸ், மொன்டுபார் இருவருமே பின்னர்த் தம் மண்ணின் விடுதலைக்காகப் போராடி, 1816இல் ஸ்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சிம்போராசோ ஏற்றத்திற்கு வருவோம். முதல் நாள் இரவு கல்பி என்னும் சிற்றூரில் தங்கினர். விடியற்காலையில் கோவேறு கழுதைகளில் புறப்பட்டுப் பின்னர் நடந்தனர். பனி தொடங்கும் இடத்தில் உடன்வந்த ஊரார் பெரும்பாலோர் நின்றுவிட்டனர். ஹம்போல்ட், போன்பிளான், மொன்டுபார், சான் ஹுவான் ஊரைச் சேர்ந்த கலப்பினத்தவர் ஒருவர் என நால்வரே மேலே சென்றனர். ஒரு சாணே அகலமுள்ள கூரிய பாறை விளிம்பு. ஒருபுறம் சறுக்கும் பனிச்சரிவு, மறுபுறம் பாதாளம். கையுறை இல்லை. பாறை கைகளைக் கிழித்தது. ஹம்போல்ட்டுக்கு ஏற்கெனவே காலில் புண். காற்று மெலிய மெலியக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. ஈறிலும் உதட்டிலும் குருதி கசிந்தது. கண்கள் சிவந்தன. மூடுபனி வழியை மறைத்தது.

அந்நிலையிலும் அவர் காற்றழுத்தமானியை விடவில்லை. இடையிடையே நின்று அளந்தார். கற்பாசி எந்த உயரத்தில் இறுதியாகத் தென்பட்டது என்று குறித்தார். திடீரென மூடுபனி விலக, முகடு அண்மையில் தெரிந்தது. சற்று முன்னேறியதும் தாண்ட முடியாத ஆழ்ந்த பிளவு ஒன்று குறுக்கிட்டது. அவ்விடத்தின் உயரம் அவருடைய கணக்கில் 5,878 மீட்டர். பிற்காலக் கணக்குகள் அதனைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகின்றன. முகட்டுக்குச் சில நூறு மீட்டரே இருக்கத் திரும்பினர். இறங்கும்போது ஆலங்கட்டி மழையும் பனிப்பொழிவும் பிடித்துக்கொண்டன.

மனிதர் ஏறிய மிக உயர்ந்த இடம் அதுவே என ஐரோப்பா கொண்டாடியது. உண்மை வேறு. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இன்கா மக்கள் தம் வழிபாட்டிற்காக, இன்றைய அர்ஜென்டினா, சிலி நாடுகளின் எல்லையில் உள்ள 6,739 மீட்டர் உயர யுயாயாக்கோ முகட்டில் ஏறியிருந்தனர் என்பதை, 1999இல் அங்கே கிடைத்த சிறார் உடல்கள் மூன்று மெய்ப்பித்தன. ஏறியவர் எழுதவில்லை, எழுதியவருக்குப் புகழ் சேர்ந்தது. சிம்போராசோவிலும் அப்படியே. வரலாற்று நூல்கள் மூவர் பெயரை முழங்கும். நான்காமவரை ஊர்க்காரர் ஒருவர் என்று மட்டும் சுட்டிக் கடந்துவிடும். அம்மலையின் முகட்டை முதலில் எட்டியவர்கள் ஆங்கிலேயரான எட்வர்ட் விம்பரும் இத்தாலிய வழிகாட்டிகளான கரேல் குடும்பத்தார் இருவரும். ஆண்டு 1880.

முகட்டை எட்டாத ஹம்போல்ட் கொண்டுவந்தது யாது? ஒரு படம். 1803இல் குயாகில் துறைமுகத்தில் அதற்கு வடிவம் கொடுத்து, 1807இல் பாரிசில் வெளியிட்டார். மலையை நெடுக வெட்டிக் காட்டுவது போன்ற ஓவியம் அது. அடிவாரத்தில் பனைவகைகள், மேலே மரப் பன்னங்கள், சின்கோனா, அதற்கு மேல் புதர்கள், பின்னர்ப் புல்வெளி, கற்பாசி, இறுதியில் வெறும் பனி. இவ்வாறு எந்தச் செடி எந்த உயரத்தில் வாழும் என்பது மலையின் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது. இருபுறமும் அவ்வுயரத்தில் வெப்பம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு, வானம் எத்துணை நீலம், என்ன விளைகிறது, என்ன விலங்கு வாழ்கிறது என்று கட்டங்கள். நிலத்தோடு மரத்தையும் புள்ளையும் தொழிலையும் சேர்த்துக் கருப்பொருளாகக் கற்ற தமிழ் மாணவர்க்கு இவ்விணைப்பு அயலாகத் தோன்றாது. ஆயின் திணை மரபு கவிதைக்காக அமைந்தது. ஹம்போல்ட்டின் படம் மானியும் அளவுகோலும் கொண்டு எழுந்தது. இரண்டையும் ஒன்றெனச் சொல்லிப் பெருமைப்படுதல் வேண்டா.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அப்படம் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. 2012இல் அறிஞர் குழுவொன்று சிம்போராசோ ஏறி, செடிகள் எங்கே நிற்கின்றன என்று மீண்டும் அளந்தது. சராசரியாக 500 மீட்டருக்கு மேல் செடிகள் உயர ஏறிவிட்டன என்று 2015இல் அறிவித்தது. 2019இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் மூலக் குறிப்புகளைத் துருவி ஆராய்ந்தது. படத்திலுள்ள மேல்மட்டச் செடிகளைப் பெரும்பாலும் அவர் திரட்டியது அன்டிசானா மலையில் என்று கண்டது. எனவே சரியான இடத்தோடு ஒப்பிட்டு, ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் வரையே எனத் திருத்தியது. எண் குறைந்தாலும் செய்தி மாறவில்லை. வெப்பம் கூட, செடிகள் குளிரைத் தேடி மேலேறுகின்றன. மலைக்கோ ஓர் எல்லை உண்டு. சிம்போராசோவின் பனிக்கட்டியும் சுருங்கி வருகிறது. 1987இல் அம்மலை காப்பிடமாக்கப்பட்டது. அற்றுப்போயிருந்த விகூன்யா என்னும் ஒட்டக இன விலங்கு அயல்நாடுகளிலிருந்து கொணர்ந்து விடப்பட்டு, இன்று அங்கே மந்தையாக மேய்கிறது. பயணியர் வண்டியிலேயே 4,800 மீட்டர் உயரம் வரை சென்று படமெடுத்துத் திரும்புகின்றனர்.

சிம்போராசோவிலிருந்து ஹம்போல்ட் தெற்கே சென்றார். அசுவாய் மேட்டில், 4,000 மீட்டர் உயரத்தில், செதுக்கிய கற்களால் பாவிய இன்கா நெடுஞ்சாலையைக் கண்டு, ரோமானியர் சாலைகளுக்கு அது தாழ்ந்ததன்று எனத் தீர்ப்பளித்தார். பழங்குடியினரை நாகரிகமற்றோர் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது சிறிய சொல்லன்று. கஹமார்க்கா நகரில் இன்கா மன்னர் வழிவந்த குடும்பம் ஒன்று இடிபாடுகளிடையே வறுமையில் வாழ்ந்தது. அக்குடும்பத்தின் பதினேழு வயது இளைஞன், தம் காலடியில் பொன்னாலான மரங்களும் கனிகளும் நிறைந்த தோட்டம் புதைந்திருப்பதாக உறுதியோடு கூறினான். அப்படியானால் தோண்டி எடுக்கும் ஆசை வந்ததில்லையா என ஹம்போல்ட் வினவினார். அவ்வாசை தங்களுக்கு எழுவதில்லை என்றும், அது பாவம் எனத் தந்தை கூறுவார் என்றும், பொன் கிடைத்தால் வெள்ளையர் தங்களைப் பகைத்துத் துன்புறுத்துவர் என்றும், சிறு வயலும் நல்ல கோதுமையும் போதும் என்றும் இளைஞன் விடையளித்தானாம். அந்த மறுமொழியின் எளிமையும் துயரமும் அவரை வெகுவாகப் பாதித்தன. அதன்பின் மலையிலிருந்து பசிபிக் கடலை முதன்முறை கண்டார். பெருவின் கரையோரக் குளிர்நீரோட்டத்தை அளந்தார். அது இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

1804 ஆகஸ்டில் ஏறத்தாழ 60,000 தாவர மாதிரிகளோடு பிரான்ஸ் திரும்பினார். பயண நூல்களை 30 தொகுதிகளாக வெளியிடுவதில் தந்தைவழி, தாய்வழிச் செல்வமெல்லாம் கரைந்தது. இறுதியில் பிரஷ்ய மன்னரின் அவையில் ஊதியம் பெற்று வாழ நேர்ந்தது. 1827-28இல் பெர்லினில் அவர் கட்டணமின்றி ஆற்றிய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு அரச குடும்பத்தாரும் தொழிலாளரும் பெண்களும் ஒருங்கே வந்தமர்ந்தனர். முதுமையில் எழுதத் தொடங்கிய 'கோஸ்மோஸ்' ஐந்து தொகுதிகளாக விரிந்தது. அதன் இரண்டாம் தொகுதியில், இயற்கையறிவு வளர்ந்த வரலாற்றில் அரபு அறிஞர்களுக்கு உரிய இடத்தை அவர் விரிவாகவே எழுதியுள்ளார். அக்கால ஐரோப்பியருள் இந்நடுநிலை அரிது. கியூபாவைப் பற்றிய அவருடைய நூலை 1856இல் அமெரிக்கர் ஒருவர் மொழிபெயர்த்தபோது, அடிமை முறையைக் கண்டித்த பகுதியை விட்டுவிட்டார். 86 வயது முதியவர் வெகுண்டு, நூலின் மற்றப் பகுதிகளைவிட அப்பகுதியே தமக்கு முதன்மையானது என்று செய்தித்தாளில் மறுப்பு வெளியிட்டார்.

அவர் நிறைவேறக் காணாத ஆசை இமயம். ஆண்டீஸையும் இமயத்தையும் ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்பதற்காக 1814, 1817, 1818 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் சென்று முயன்றார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. காலனி ஆட்சியின் கொடுமைகளை ஸ்பானிய அமெரிக்காவில் கண்டு எழுதிய பேனா, இந்தியாவிலும் எழுதும் என்று அவர்கள் அஞ்சியிருக்கக் கூடும். 1854இல் அவருடைய பரிந்துரையால் ஷ்லாகின்ட்வைட் உடன்பிறப்பினர் மூவர் இந்தியா வந்து இமயத்தை ஆராய்ந்தனர். அவர்களுள் அடால்ஃப் 1857இல் காஷ்கரில் கொல்லப்பட்டார்.

ஹம்போல்ட் 1859 மே 6இல், 89ஆம் வயதில் பெர்லினில் காலமானார். அவர் நூல்களைப் படித்துவிட்டு அவர் நடந்த தடத்திலேயே ஈக்வடார் மலைகளுக்குச் சென்று வந்த அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் சர்ச், 'ஆண்டீஸின் இதயம்' என்னும் பேரோவியத்தை அவ்வாண்டுதான் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்திருந்தார். அதன் பின்னணியில் வெண்மையாக எழுந்து நிற்பது சிம்போராசோ. ஆசானின் கண்ணில் அதனைக் காட்ட வேண்டும் என்று பெர்லினுக்கு அனுப்ப அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது மரணச் செய்தி வந்து சேர்ந்தது.